தோப்பி: நாம் தொலைத்த அரிசி பீர்

வருஷக் கடைசி வந்தாச்சு, எல்லாரும் லிஸ்ட் போடுகிற நேரம். போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான். “இந்த வருஷம் உங்களுக்குப் பிடிச்ச கிராஃப்ட் பீர் எது? எல்லாரும் சொல்ற ஐபிஏ, கோதுமை பீர் வேண்டாம். யாருக்கும் அதிகம் தெரியாத வகையா சொல்லுங்க.”

சரி, மூன்று சொல்கிறேன். இது வரலாற்று பாட்காஸ்ட். அதனால என் லிஸ்டும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.

முதலாவது கோசே. ஜெர்மனியின் லைப்ஸிக் பக்கத்து பீர். கொத்தமல்லி விதையும் உப்பும் போட்டு, லேசாகப் புளிக்கவிட்டுச் செய்வது. நம்ம ஊர் நீர்மோர் குடித்து வளர்ந்தவருக்கு அந்தப் புளிப்பும் உப்பும் அந்நியமாகவே இருக்காது. இரண்டாவது போலந்தின் க்ரோஜிஸ்கியே. ஓக் மரப் புகையில் காய்ச்சிய கோதுமை மால்ட்டில் செய்யும் மெல்லிய பீர்.

இந்த இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டுமே செத்துப் பிழைத்தவை. கோசே 1960களில் நின்றுபோய் 1980களில் மறுபடி வந்தது. க்ரோஜிஸ்கியே 1990களில் நின்றது. அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற ஆர்வலர்கள் பழைய குறிப்புகளைத் தேடி எடுத்து அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது தோப்பி. இதை நான் குடித்ததில்லை. நீங்களும் குடித்திருக்க மாட்டீர்கள். ஆனால் இதற்கும் குறிப்பு இருக்கிறது. பிழைத்து வர வேண்டியதுதான் பாக்கி. இன்றைய எபிசோட் இந்த மூன்றாவது பீர் பற்றித்தான்.

தோப்பி என்றால் நெல்லிலிருந்து செய்த கள். சங்க இலக்கியத்தில் வருகிற சொல். பெரும்பாணாற்றுப்படையில் எயினர்கள் வீட்டில் காய்ச்சிக் குடிப்பதாக வருகிறது, அகநானூற்றிலும் வருகிறது. இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பனங்கள், தென்னங்கள் இரண்டும் பீர் கிடையாது. மரத்திலிருந்து வடியும்போதே அந்தச் சாறில் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பானையிலும் இருக்கிற ஈஸ்ட் அதை நேராகப் புளிக்க வைத்துவிடும். திராட்சை ஒயினும் அதே வழிதான். பீர் வேறு. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதைச் சாப்பிட முடியாது. முதலில் யாராவது அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் அந்த வேலையை முளைகட்டிய பார்லி செய்கிறது. அதுதான் மால்ட்.

இப்ப பெரும்பாணாற்றுப்படைக்கு வருவோம். சுமார் 1,800 வருஷம் பழைய நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசில் பெற்றுவந்த ஒரு பாணன், வறுமையில் இருக்கும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் யார் என்ன சாப்பாடு போடுவார்கள் என்பதும் அதில் உண்டு. வலைஞர் குடியிருப்புக்கு வரும்போது, அங்கே கிடைக்கும் பானத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று ஏழே அடியில் ஒரு முழு ரெசிப்பி வருகிறது.

என் வார்த்தையில் சொல்கிறேன். குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். வாய் அகன்ற தட்டு மாதிரியான பாத்திரத்தில் கொட்டி ஆறவிட வேண்டும். பாம்புப் புற்றுக்குள் இருக்குமே, பொறுபொறு என்று ஒரு கூடு, அந்தக் குரும்பி மாதிரி மேல்புறம் உள்ள நல்ல அடையை அதில் கலக்க வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு விட வேண்டும். கெட்டியான வாயுள்ள சாடியில் பச்சை வாசனை போகும்வரை முதிரவிட வேண்டும். பிறகு வெந்நீர் விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து வடிகட்டி எடுக்க வேண்டும். கூடவே சைட் டிஷ்ஷும் சொல்லியிருக்கிறார்: சுட்ட மீன்.

அந்த ‘அடை’ எது என்பதுதான் முக்கியமான கேள்வி. பழைய உரை அதை முளை என்கிறது. அதாவது முளையை இடித்துக் கலப்பது. அப்படியானால் அது நேரடியாக மால்ட், இது சந்தேகமில்லாத பீர். ஆனால் புற்றுக் குரும்பி என்ற உவமையைப் பார்த்தால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. இது என் யூகம் மட்டும்தான். ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் ஹண்டியா என்ற அரிசி பீருக்கு ‘ரானு’ என்று ஒரு புளிப்பு உருண்டை சேர்ப்பார்கள். பூஞ்சையும் ஈஸ்ட்டும் படிந்த மாவு உருண்டை அது. புற்றுக் குரும்பியும் பூஞ்சை படிந்த பொருள்தான். எந்த வழியானாலும் மாவுச்சத்து சர்க்கரையாகும், சர்க்கரை சாராயச் சத்தாகும். செய்முறையில் தப்பே இல்லை.

இதை விட்டுவிட்டு வந்த வாரிசுகள் யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். டெல்டாவில் ஒவ்வொரு பருவத்துக்கும் விவசாயி விதைநெல்லை மூட்டையோடு ஊறவைத்து, எடுத்து, இருட்டில் மூடி முளைகட்டித்தான் நாற்றங்காலில் தெளிக்கிறார். மால்ட் செய்வதன் முதல் பாதி அதுதான். ராத்திரி இட்லிமாவு புளிக்கிறது. பழைய சோற்றில் நீராகாரம் புளிக்கிறது. முளைகட்டவும் தெரியும், புளிக்கவைக்கவும் தெரியும். நடுவில் இருந்த அந்த ஒரு பானம் மட்டும் போய்விட்டது.

காஞ்சி நாட்டுக் கதையை டெல்டா தலையில் கட்டுகிறேனே என்று கேட்பீர்கள். நியாயம். அதே உருத்திரங்கண்ணனார் பாடிய இன்னொரு நூல் பட்டினப்பாலை. அது காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றியது. அந்தத் துறைமுகத்தில் பறக்கும் கொடிகளை வரிசையாகச் சொல்லும்போது, கள் விற்கும் கடையின் கொடியும் வருகிறது. இன்றைய மொழியில் சொன்னால் கடை போர்டு.

அந்தக் காலத்து வகைகளைப் பார்த்தால் நம்ம மைக்ரோபிரூவரி மெனு தோற்றுவிடும். நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி என்று பெயர்கள். மூங்கில் குழாயில் முதிரவிட்டது உண்டு. மண்ணில் புதைத்து முதிரவிட்டது உண்டு. யவனர் கப்பலில் வந்த வாசனையான இம்போர்ட்டட் தேறலும் உண்டு. ரிவ்யூகூட இருக்கிறது: நாள்பட்ட தேறலைத் தேள் கொட்டின கடுப்புக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். சிறுபாணாற்றுப்படையில் அது கோபம் கொண்ட பாம்பு. எதிர்ப்பும் அதே அளவு பழசு. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஒரு முழு அதிகாரமே இருக்கிறது.

இந்த ரெசிப்பி நம் கைக்கு எப்படி வந்தது? 1889-ல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்தவர் உ.வே.சாமிநாதையர். 1855-ல் பிறந்த அவருடைய சொந்த ஊரான உத்தமதானபுரம் இன்றைய திருவாரூர் மாவட்டத்து ஊர். திருவாவடுதுறை ஆதீனத்தில் படித்து, கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்தியவர். கள் பக்கமே போகாத ஒரு வாழ்க்கை. ஊர் ஊராக ஏட்டுச்சுவடி தேடி, பாடம் ஒப்பிட்டு, ஒரு மீனவர் குடியிருப்பின் பீர் செய்முறையை ஒரு அடிகூட விடாமல் நமக்குக் கொடுத்திருக்கிறார். தமிழில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

சரி, ஏடு காப்பாற்றியதை ஊர் ஏன் காப்பாற்றவில்லை? தோப்பி எந்த நூற்றாண்டில் நின்றது என்று தேதி போட முடியாது. ஆனால் இந்த மண்ணில் குடி என்பது எப்போதும் நிலம், மரம், சாதி மூன்றோடும் சேர்ந்த விஷயமாக இருந்தது என்பதற்குக் கல்லிலேயே ஆதாரம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ஊர்களைப் பட்டியலிடும்போது, வரி இல்லாத இடங்களாக ஈழச்சேரி, கம்மாணசேரி, பறைச்சேரி எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிக்கின்றன. ஈழச்சேரி என்றால் கள் இறக்குகிறவர்களின் குடியிருப்பு. பிராமணர்களுக்கு ஊர் கொடுத்த சோழர் சாசனங்கள் சிலவற்றில், அந்த ஊர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. மரம் யாருடையது, யார் ஏறலாம், யார் எங்கே குடியிருக்கலாம் என்பதெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்த சட்டம்.

ஆங்கிலேயர் காலத்தில் அதுவே வருமானக் கணக்காக மாறியது. 1886-ன் சென்னை அப்காரிச் சட்டம் வந்தபிறகு, லைசென்ஸ் இல்லாமல் இறக்குவதும் காய்ச்சுவதும் குற்றம். வீட்டுப் பானையில் செய்கிற எதுவும் அரசுக்கு நஷ்டம். மதுவிலக்குக்கு முன்பே வீட்டுக் காய்ச்சலுக்கு இப்படிக் கதவு சாத்தியாகிவிட்டது.

அப்புறம் மதுவிலக்கு. இதைக் கிண்டல் செய்வது சுலபம், ஆனால் அதன் பின்னால் நிஜமான வலி இருந்தது. கூலி வீட்டுக்கு வராமல் கடைக்குப் போன குடும்பங்கள் இருந்தன. 1921-ல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் முன்னால் நின்றவர்கள் நாகம்மையும் கண்ணம்மாவும், பெண்கள். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் அதைத் தளர்த்தியவர் திருவாரூரில் பள்ளிக்கூடம் படித்த கருணாநிதி. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன, சில வருஷத்திலேயே அவராலேயே மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் வந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். குடி நிற்கவில்லை. எந்தக் குடி என்பதுதான் மாறியது. கள்ளில் சாராயச் சத்து பொதுவாக 4 முதல் 6 சதவீதம். டாஸ்மாக் பிராந்தியில் 42.8 சதவீதம், அதுவும் பெரும்பாலும் கரும்பாலை மொலாசஸில் இருந்து எடுத்தது. உள்ளூரில் செய்ய முடிந்த மெல்லிய பானம் குற்றமானது. ஆலையில் செய்த கடுமையான பானம் சட்டப்படி சரியானது. இரண்டுக்கும் காசில்லாதவன் மறைவில் போனான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் பலர் தினக்கூலிகள். கள் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவ்வளவு சுலபமான கணக்கு இல்லை அது. ஆனால் தடை என்பது யாரை எங்கே தள்ளுகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்கவும் முடியாது.

திருவாரூரிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் காரைக்கால். அங்கே கள் சட்டப்படி விற்கிறது. அதே காவிரித் தண்ணீர், அதே தென்னை, அதே பேச்சு. வித்தியாசம் ஒன்றுதான்: 1954 வரை அது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது, சென்னை மாகாணத்தின் மதுவிலக்கு அங்கே போகவில்லை. ஒரு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் கடை.

இதே நாட்டில் அசாமின் திமாசா மக்கள் செய்யும் ‘ஜூதிமா’ என்ற அரிசி பானத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெங்களூரு டாய்ட்டில் பாஸ்மதி பிளாண்ட் என்று அரிசி சேர்த்த பீர் இருக்கிறது. நம்ம கூட்டம் அதை வரிசையில் நின்று குடிக்கிறது. அரிசியில் பீரா என்று ஆச்சரியமும் படுகிறது.

டெல்டாவில் அரிசிக்கே ஒரு மீட்சி நடந்தது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா வழியாக மாப்பிள்ளைச் சம்பா மாதிரியான 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்கள் விவசாயிகள் கைக்குத் திரும்பின. வழி எளிமையானது: 2 கிலோ விதை வாங்கினால், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018-ல் இறந்துவிட்டார். விதைகள் வயலில் இருக்கின்றன. நெல் இருக்கிறது, செய்முறையும் அச்சில் இருக்கிறது.

முக்கியமான விஷயம், இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீங்க. தமிழ்நாட்டில் அது குற்றம். தெருவுக்குத் தெரு தோப்பிக்கடை வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஒரு ஆய்வுக்கூடத்தில், அனுமதியோடு, ஒரு சாடி செய்து பார்க்கலாம். அந்த அடை முளையா, ரானு மாதிரியான உருண்டையா என்பதற்காவது விடை கிடைக்கும்.

அதுவரைக்கும் நம்மால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. கள் சட்டப்படி இருந்த கடைசி வருஷத்தில் 20 வயதில் இருந்தவர்களுக்கு இப்போது 60 நெருங்கிவிட்டது அல்லது தாண்டிவிட்டது. கள் இறக்கினவர்கள், குடித்தவர்கள், அதனால் கஷ்டப்பட்டவர்கள் எல்லாரும் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது தாத்தாகிட்ட மட்டும் இல்ல, ஆச்சிகிட்டயும் கேளுங்க. இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இருக்காது. அதை போனில் பதிவு செய்து எங்களுக்கு அனுப்புங்க. அனுமதி கொடுத்தவர்களின் குரல்களை அடுத்த எபிசோடில் கேட்போம்.