தொலைந்த ஊசியின் சாட்சி

ஆங்கிலோ-சாக்சன் மக்களின் உடையைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி கல்லறைகளிலிருந்து வந்தது. இறந்தவரோடு அணிகலன்களைப் புதைக்கும் வழக்கம் கி.பி. 700 வாக்கில் இங்கிலாந்தில் ஓய்ந்துவிட, அந்த ஊற்றும் வற்றிவிடுகிறது. அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளுக்கு, துணியைச் சேர்த்துப் பிடிக்கச் செருகிய உலோக ஊசிகளே கைகொடுக்கின்றன. இவற்றை எஞ்சிய துணுக்குகள் என்று ஒதுக்குவது தவறு. வில்ட்ஷயரின் ரவுண்ட்வே டவுன் கல்லறையில் கிடைத்த, சங்கிலி கோத்த பொன் ஊசிகள் உறவினர் தேர்ந்து வைத்தவை. அவை ஒரு குடும்பம் எப்படித் தெரிய விரும்பியது என்பதையே சொல்லும். நழுவி விழுந்த ஊசியை யாரும் தேர்ந்து வைக்கவில்லை. ஆகவே அன்றாட வாழ்வுக்கு அதுவே நேர்மையான சாட்சி.

இந்த ஊசிகளில் பெரும்பாலானவை செம்புக் கலவையில் வார்த்தவை. உருண்டைத் தலை, பட்டை தீட்டிய தலை, வட்டமும் புள்ளியும் பொறித்த தலை எனப் பல வகை உண்டு. நழுவாதிருக்கச் சிலவற்றின் தண்டு நடுவில் சற்றுப் பருத்திருக்கும். லிங்கன்ஷயரின் லிட்டில் கார்ல்டனில் 2011இல் மெட்டல் டிடெக்டருக்கு ஒரு வெள்ளி எழுத்தாணி அகப்பட்டது. தொடர்ந்த தேடலில் சுமார் 300 ஊசிகளும் ஏராளமான வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. ஏட்டில் பெயரில்லாத ஒரு வளமான குடியிருப்பு இப்படித்தான் வெளிப்பட்டது.

அதே லிங்கன்ஷயரின் விதாம் ஆற்றில் 1826இல் கிடைத்த, சிறகுள்ள விலங்குகள் பின்னிய மூன்று பொன்முலாம் ஊசிகளும் தற்செயலாக விழுந்தவையா, காணிக்கையாக இட்டவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; ஆனால் இங்குள்ள வாதம் அத்தகைய அரிய பொருளை நம்பி நிற்கவில்லை, நூற்றுக்கணக்கான எளிய ஊசிகளை நம்பியே நிற்கிறது. டிடெக்டர் சென்ற வயல்களே ஊசி கிடைத்த இடங்களின் வரைபடத்தில் தெரிகின்றன என்பது அடுத்த மறுப்பு. ஊசி கிடைக்காத இடத்தில் ஊரே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பதை இது உணர்த்துகிறது. கிடைத்த இடத்தின் மதிப்பை இது குறைக்காது. லிங்கன்ஷயரின் ஃபிளிக்ஸ்பரோவில் 1989 முதல் 1991 வரை முறையாக நடந்த அகழாய்விலும் குடியிருப்புக் குப்பையில் ஊசிகள் மிகுந்தே கிடைத்தன.

300 ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளி ஊசி இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையல்; கண்டெடுத்தவர் தெரிவித்தே ஆகவேண்டும். சாதாரணச் செம்பு ஊசிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் வரலாற்றுக்கு அதிகம் தேவைப்படுவது, கிடைத்த இடத்தோடு பதிவான செம்பு ஊசிதான்.