கடைசல் பிடித்த மூட்டு

மதுரையில் டாக்டர் மேசைமேல் வைத்த மாதிரி முட்டி மூட்டை அயித்தை கையில் எடுத்தார். வலியைப் பற்றியோ செலவைப் பற்றியோ கேட்கவில்லை. கட்டை விரலால் அந்த உலோக வளைவை இரண்டு தரம் தடவிவிட்டு, "நல்லா கடைசல் புடிச்சிருக்காக தம்பி" என்றார். அரியக்குடியில் குத்துவிளக்குப் பட்டறை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நாற்பது வருஷம் பித்தளைக்கு மெருகு போட்ட விரல் அது.

வேலையின் நேர்த்தியைப் பற்றி அவர் சொன்னது சரிதான், ஆனால் அது கடைசல் இல்லை. தொடை எலும்பின் நுனியில் தொப்பிபோல் உட்காரும் அந்தத் துண்டு பெரும்பாலும் வார்ப்பு வேலை. மெழுகில் உருவம் பிடித்து, மேலே பீங்கான் குழம்பு பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் சாமி சிலைக்குக் கையாளும் அதே முறை. பிறகு கண்ணாடி போல ஆகும்வரை மெருகு. கோபால்டும் குரோமியமும் கலந்த இந்த உலோகம் வைத்தியத்தில் முதலில் பல் வைத்தியரிடம்தான் இருந்தது. பாஸ்டனில் ஸ்மித் பீட்டர்சன் என்ற டாக்டர் 1923-லிருந்து இடுப்பு மூட்டுக்குள் கண்ணாடிக் கிண்ணம் வைத்துப் பார்த்தார், உடைந்தது. பல் வைத்தியர் ஒருவர் சொன்ன யோசனையில் 1938-இல் இந்த உலோகத்துக்கு மாறினார்.

உலோகம் கிடைத்தும் பாதி வேலைதான் முடிந்தது. அதோடு உரச மெத்தென்ற ஒன்று வேண்டுமே. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு டெஃப்லானை நம்பினார். அது சில வருஷத்திலேயே தேய்ந்து, அந்தத் தூள் உடம்புக்குள் புண்ணாக்கியது. வைத்ததில் பெரும்பாலானவற்றைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பொருளைத் தன் தொடையிலேயே செலுத்திச் சோதித்துக்கொண்ட மனிதர் அவர். 1962-இல் ஒரு விற்பனையாளர், நெசவு ஆலைத் தறிகளின் பல்சக்கரத்துக்கான ஒரு பிளாஸ்டிக்கோடு அங்கே வந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து வேண்டாமென்றார். அவருடைய பட்டறைக்காரர் ஹாரி கிரேவன் மட்டும் அதைத் தேய்ப்பு எந்திரத்தில் போட்டு ஓடவிட்டார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுகூட அது தேயவில்லை. இன்றைக்கும் மூட்டுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் அதன் வழி வந்ததுதான். சார்ன்லி பெயரைச் சொல்லும்போதெல்லாம் கிரேவன் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இடுப்பு, கிண்ணத்துக்குள் உருளும் குண்டு. முட்டி அப்படியில்லை; மடக்கும்போது உருளவும் செய்யும், வழுக்கவும் செய்யும். நடுவில் இரண்டு பிறைத் தட்டுகள், குறுக்கே இரண்டு ஜவ்வு, எலும்பு நுனிகளில் குருத்தெலும்பு. குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அது தேய்வது நமக்குத் தெரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். "தண்டுல மரை தேஞ்சா வெளக்கு ஆடுமே, அது மாதிரி ஆடுது" என்று அயித்தை சொன்னபோது கால் ஏற்கெனவே வில்லாய் வளைந்திருந்தது.

முட்டிக்கு ஒத்துவந்த மூட்டு 1974-இல் நியூயார்க்கில் உருவானது. இன்சால், வாக்கர் என்ற இருவரோடு அதைச் செய்தவர் மத்தியப் பிரதேசத்தில் பிறந்த சித்தரஞ்சன் ராணாவத். 2000 அக்டோபரில் மும்பையில் பிரதமர் வாஜ்பாயின் இடது முட்டியையும், மறுவருஷம் வலது முட்டியையும் மாற்றியவரும் அவரே. அந்தச் செய்தியைப் படித்துத்தான் இப்படியும் ஒரு வைத்தியம் உண்டென்று எங்கள் வீட்டில் தெரிந்தது. ஆனால் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்து, கோபால்ட்-குரோமியம் மூட்டை வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற பொருள். அயித்தையின் கால் நிமிர்ந்ததற்கு அந்த உத்தரவும் ஒரு காரணம்.

அறுவை சிகிச்சையில் என்ன செய்வார்கள் என்று டாக்டர் விளக்கினார். இடுப்பு மையத்திலிருந்து கணுக்கால் மையத்துக்கு நூல் பிடித்தால் அது முட்டியின் நடுவே போக வேண்டும். அந்தக் கணக்குக்கு அளவுச் சட்டம் பொருத்தி, எலும்பைச் சில மில்லிமீட்டர் மட்டும் ரம்பத்தால் சீவுவார். சீவுவதுகூடப் பெரிதில்லையாம். நீட்டினாலும் மடக்கினாலும் இருபக்க ஜவ்வும் ஒரே இறுக்கத்தில் நிற்க வேண்டும். அதற்காக மாதிரித் துண்டை வைத்து, ஆட்டிப் பார்த்து, எடுத்து, ஜவ்வைத் தளர்த்தி, மறுபடி வைப்பார். சரியென்று கை சொன்ன பிறகே சிமெண்ட் குழைப்பது. அது இறுக பத்துப் பதினைந்து நிமிஷம். அதுவரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். "வெளக்கு நட்டமா நிக்கிதான்னு எங்க வீட்லயும் இப்படித்தான் தள்ளி நின்னு பாப்பாக" என்றார் அயித்தை.

மூட்டு வந்த பெட்டியின் ஸ்டிக்கர் இப்போது அவருடைய ஃபைலில் ஒட்டியிருக்கிறது. வரிசை எண், அளவு, தயாரித்த தேதி எல்லாம் அதில் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நடக்க வைத்துவிட்டார்கள். தரையில் சம்மணம் போட மட்டும் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, மாமா வார்த்த விளக்கைத் தூக்கி முக்காலிமேல் வைத்தோம். அயித்தை நின்றபடியே திரியைத் தூண்டினார்.