பறங்கியார் தந்த நோயா?

ஒரு சொல் எத்தனை பழிகளைச் சுமக்க முடியும் என்பதற்குப் ‘பறங்கி’ என்ற சொல் நல்ல சான்று. பிராங்கியர் என்ற ஐரோப்பிய இனத்தாரின் பெயர் அரபு, பாரசீக மொழிகளில் திரிந்து, கீழைத்தேயக் கரைகளை அடைந்தபோது, வெள்ளைத்தோல் அந்நியர் எல்லோருக்கும் உரிய பெயராயிற்று. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் எமக்குப் பறங்கியர் ஆனார்கள். சென்னையில் ஒரு பரங்கிமலை உண்டு. நாம் பூசணி என்பதைத் தமிழகத்தார் பறங்கிக்காய் என்பர். நாட்டு வைத்தியத்தில் பறங்கிப்பட்டை உண்டு. இவற்றோடு பறங்கி என்றொரு நோயும் இருந்தது. அந்த நோய்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வன்னியை வாட்டிய பெரும் நோய்களில் ஒன்று.

இன்று எனது மாணவர்களில் எவரும் அதனைக் கண்டதில்லை. ஆகவே அதன் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும். ஆங்கில வைத்தியத்தில் இதற்கு ‘யோஸ்’ என்று பெயர். பெரும்பாலும் சிறுவரையே பற்றும். புண்ணுள்ள பிள்ளையின் தோல் மற்றப் பிள்ளையின் கீறலிலோ சிராய்ப்பிலோ பட்டால் தொற்றும். முதலில் சிவந்த பழம் போன்ற ஒரு புடைப்பு. பின்னர் உடலெங்கும் புண்கள். உள்ளங்காலில் வெடித்தால், நோயாளி பாதத்தை ஊன்ற முடியாமல் நண்டைப் போலக் கோணி நடப்பார். கவனியாது விட்டால், சிலருக்குச் சில ஆண்டுகளின் பின் எலும்பைத் தாக்கும். கீழ்க்காலின் முன்னெலும்பு வாளைப்போல் வளையும். மூக்கும் அண்ணமும் அழிந்துபோவதும் உண்டு. ஆளைக் கொல்வது அரிது. ஊனமாக்கி உயிரோடு விட்டுவிடும். அதுவே அதன் கொடுமை.

இந்த நோயை எமது முன்னோர் எப்படி விளங்கிக்கொண்டனர்? மூன்று விதமான விளக்கங்கள் இருந்தன. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து ‘மூடநம்பிக்கை’ என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது.

முதலாவது, நோய் அந்நியனிடமிருந்து வந்தது என்பது. இதில் ஓர் அரை உண்மை உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் மேகநோய் பரவியது. பிரெஞ்சுக்காரர் அதனை நேப்பிள்ஸ் நோய் என்றனர். இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். ரஷ்யர் போலந்தின் மீது பழி போட்டனர். பழியை எல்லைக்கு அப்பால் எறிவதில் எல்லா நாட்டாரும் ஒன்றுதான். கப்பல்களோடு அந்நோய் இந்தியாவுக்கும் வந்தது. பதினாறாம் நூற்றாண்டு வடமொழி வைத்திய நூலான பாவப்பிரகாசம் அதற்குப் ‘பிரங்க ரோகம்’ என்றே பெயரிட்டது. மேகநோய்க்கு மருந்தாகப் பெயர்பெற்ற சீனத்துக் கிழங்கைப் பற்றி 1563இல் கோவாவில் அச்சான தமது நூலில் கார்சியா டா ஓர்த்தா எழுதினார். அந்தக் கிழங்குதான் எமது பறங்கிப்பட்டை.

ஆனால் வன்னிச் சிறுவரைப் பற்றியது மேகநோய் அல்ல. அதன் கிருமியும் இதன் கிருமியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; புண்களும் ஓரளவு ஒத்திருக்கும். ஆகவே ஒன்றன் பெயர் மற்றதில் ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பெயரோடு பழியும் வந்து ஒட்டியது. குளக்கட்டில் விளையாடித் தொற்றிக்கொண்ட பிள்ளையின் புண்ணைப் பார்த்து, பெற்றோரின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்க அப்பெயர் இடம் கொடுத்தது. பிற்காலத்து இரத்தப் பரிசோதனைகள்கூட இவ்விரு நோய்களையும் வேறு பிரித்துக் காட்டவில்லை என்றால், கிராமத்தார் மயங்கியதில் வியப்பில்லை.

இரண்டாவது, இது முன்வினையின் பயன் என்பது. அகத்தியர் பேரில் வழங்கும் கன்ம காண்டம் என்ற நூல் நோய்களை முன்செய்த தீவினைகளோடு இணைத்துப் பேசுகிறது. குழந்தையின் ஊனத்துக்குக் கிரகணமும் காரணமாயிற்று. கிரகண வேளையில் கர்ப்பிணி எதையாவது வெட்டினால் பிள்ளை மூளியாகப் பிறக்கும் என்றனர். காரணம் தெரியாத துயரத்துக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அந்த மனத் தவிப்பை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் இந்த விளக்கத்தின் விலையைக் கொடுத்தது பிள்ளைதான். வினை என்று முடிவு செய்தபின் வைத்தியம் எதற்கு? பிள்ளையை ஒளித்து வைப்பதுதானே மிச்சம்?

மூன்றாவது விளக்கம், நல்ல தண்ணீரும் சாப்பாடும் இல்லாத இடத்து நோய் இது என்பது. 1881இல் இலங்கையின் தலைமை வைத்திய அதிகாரி கின்சி இந்நோய் பற்றித் தனியே ஓர் அறிக்கை எழுதினார். கொழும்பு மருத்துவ பீடம் இருக்கும் கின்சி வீதி இவர் பெயரால் அமைந்ததே. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலும் குடி அருகிய கிராமங்களையும் தூர்ந்த குளங்களையும் காய்ச்சலையும் பறங்கியையும் சேர்த்தே பேசுகிறது. கிருமியை எவரும் கண்டிராத காலம் அது. எனினும், குளம் உடைந்தால் வயல் போகும், வயல் போனால் உடல் போகும் என்ற கணக்குப் பெரிதும் சரியானது. குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் இல்லாத, ஒரே பாயில் நான்கு பிள்ளைகள் படுக்கும் குடிசைதான் இந்நோயின் இருப்பிடம். காரணத்தை அறியாதவர்களும் இடத்தைச் சரியாகச் சுட்டினார்கள்.

பொது அறிவு இப்படித்தான் வேலை செய்கிறது. அம்மாள் வருத்தம் வந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினோம். பிறர் உள்ளே வரவில்லை. தொற்று ஓரளவு தடுக்கப்பட்டது. விளக்கம் தெய்வத்தைப் பற்றியது, நடைமுறை அனுபவத்தைப் பற்றியது. யாழ்ப்பாண அரசர் காலத்துப் பரராசசேகரம் என்ற வைத்திய நூல் குழந்தை நோய்களைத் தனியே வகுத்துப் பேசுகிறது. பிள்ளையின் உடல் பெரியவர் உடல் போன்றதன்று என்று உணர்ந்தவர்கள் எமது பரியாரிமார். அவர்களுடைய கவனிப்பை வைத்துக்கொண்டு, அவர்கள் காலத்து விளக்கத்தை விட்டுவிடுவதில் அவமதிப்பு எதுவுமில்லை.

உண்மைக் காரணம் இலங்கை மண்ணிலேயே கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியார். 1905இல் கொழும்பில் பணிபுரிந்த இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்டெலானி, பறங்கிப் புண்ணிலிருந்து எடுத்த நீரில் சுருள் வடிவான நுண்ணுயிரைக் கண்டார். அதே ஆண்டில் ஜேர்மனியில் ஷௌடினும் ஹொஃப்மனும் மேகநோயின் கிருமியைக் கண்டனர். பின்னர் பெனிசிலின் வந்தது. நெடுங்காலம் செயலற்றிருக்கும் அம்மருந்தன்று. ஒரே ஊசியில் புண் ஆறிற்று. 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 46 நாடுகளில் 5 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தன. நோய் 95 சதவீதம் குறைந்தது. இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாக 2016இல் அறிவிக்கப்பட்டது. முன்வினை ஒன்று ஊசி மருந்தால் தீருமா? தீர்ந்தது என்றால் அது முன்வினையாக இருந்திருக்க முடியாது. எந்தப் பிரசங்கத்தையும் விட வலிமையான வாதம் இது.

நோய் போய்விட்டது, அந்தப் பழக்கம் போய்விட்டதா? 2009இல் போர் முடிந்தபின், கை இழந்தும் கால் இழந்தும் எமது பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய காயத்தின் காரணம் எல்லோரும் அறிந்தது. அங்கே யாரும் கிரகணத்தைத் தேடவில்லை. ஆனால் பிறவியிலேயே நடக்க முடியாத பிள்ளையின் தாயிடம் மட்டும், ‘என்ன குறை வைத்தீர்களோ’ என்று இன்றும் கேட்கிறார்கள். அவளும் அதையே தன்னிடம் கேட்டுக்கொள்கிறாள். அந்தக் கேள்வியோடு கோயில் கோயிலாக அலையும் மாதங்களில், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியும் சிகிச்சையும் பின்தள்ளப்படுகின்றன. கோயிலுக்குப் போவதில் பிழையில்லை. வைத்தியசாலைக்கும் போகவேண்டும், பிறகு பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவேண்டும்.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, தணிக்கும் வழி தேடச் சொன்னார். அவர் தேடச் சொன்னது காரணத்தை; குற்றவாளியை அல்ல. பறங்கியன் தந்தான், பாவம் தந்தது, பெற்றவள் தந்தாள் என்று குற்றவாளிகளைத் தேடிய காலமெல்லாம் வன்னிப் பிள்ளைகளின் கால்கள் வளைந்துகொண்டே இருந்தன. ‘யாரால்’ என்பதை விட்டு ‘எதனால்’ என்று கேட்ட பின்னர்தான் மருந்து கிடைத்தது. அடுத்த முறை ஊனமுற்ற பிள்ளையோடு ஒரு தாய் எங்கள் படலையைத் திறந்து வரும்போது, நாம் கேட்க வேண்டியதும் அந்த இரண்டாவது கேள்வியைத்தான். அதோடு, ‘நான் என்ன செய்யட்டும்’ என்ற இன்னொன்றையும்.