கூட்டு வட்டியும் கூட்டுக் குடும்பமும்

அந்தமானுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது செல்லுலார் ஜெயிலைப் பற்றித்தான். கார் நிக்கோபாரைப் பற்றி அதிகம் பேர் கேட்பதில்லை. அங்கே நடந்த ஒரு விஷயம், வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டியது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நிக்கோபார் தீவுகளில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக மூவாயிரம் பேருக்கு மேல். கடலோர கிராமங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. அடுத்து வந்த மாதங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் முகாம்களில் வேலை பார்த்தார்கள். அநாதையான பிள்ளைகளையும், பெண்களையும், முதியவர்களையும் பெரும்பாலும் நிக்கோபாரிகளின் கூட்டுக் குடும்பங்களே ஏற்றுக்கொண்டன என்று அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்துக்குப் பெயர் 'துஹெட்'. பல தலைமுறைகள் சேர்ந்தது. நிலமும் தென்னையும் பொது. பெற்றவர்கள் போனாலும் பிள்ளைக்கு உறவு போகவில்லை!

இதில் உடம்புக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்களும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 9,500 பேருக்கு மேல் விசாரித்தது. சின்ன வயதில் அடி உதை, வீட்டில் குடி, அம்மாவுக்கு அடி விழுவதைப் பார்ப்பது போன்ற கொடுமைகள் எத்தனை வகை கூடுகிறதோ, அந்த அளவுக்குப் பெரியவர்களான பின் இதய நோய், புற்றுநோய், நுரையீரல் நோய், மனச்சோர்வு எல்லாம் கூடியிருந்தன. ஓயாத பயத்தில் வளரும் குழந்தைக்கு கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் நிலைதடுமாறி, உடம்பு முழுவதையும் பாதிக்கின்றன. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், கூட்டு வட்டிக் கடன். ஆனால் நம்பிக்கையான ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் அந்தப் பதற்றம் அடங்குகிறது. துஹெட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒருவரல்ல, பலர்.

வருத்தமான பகுதி இனிமேல்தான். நிவாரணப் பணம் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று தனித்தனிக் குடும்பமாகப் பிரித்துத் தரப்பட்டது. கட்டிக்கொடுத்த வீடுகளும் அந்தக் கணக்கில்தான். இதனால் துஹெட் தளர்ந்துவிட்டது என்று அங்கே பல காலம் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வங்கியில் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு எச்.யு.எஃப். கணக்கு உண்டு. துஹெட்டுக்கு அப்படி ஒன்று கிடையாது. நல்லெண்ணத்தில் கொடுத்த பணம்தான், ஆனால் பிள்ளைகளைத் தாங்கிய தூணையே அசைத்துவிட்டது.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) குடியிருக்கும் நம் குடும்பங்களும் தனிக் குடும்பங்கள்தான். தாத்தா பாட்டி எல்லோரும் ஊரில். எனவே துஹெட்டை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். குழந்தை பயந்தால் ஓடிப்போய் உட்கார பக்கத்தில் ஒரு வீடு, தினமும் சேர்ந்து ஒரு வேளை சாப்பாடு, குடியும் கைநீட்டலும் இல்லாத வீடு. நம் பிள்ளைகளுக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டைவிட முக்கியமான சேமிப்பு இதுதான்.

உங்கள் பிள்ளைக்கு அப்பா அம்மா தவிர, ஓடிப்போக இன்னொரு வீடு இருக்கிறதா?