பிறந்த இடம்: ஷார்ஜா

என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் ஷார்ஜா, குடியுரிமை இந்தியன் என்று இருக்கும். ஆறாம் வகுப்பில் அப்பாவிடம் கேட்டேன்: "இங்கேதானே பிறந்தேன், அப்புறம் நான் ஏன் இந்த ஊர்க்காரன் இல்லை?" "நாம வேலைக்கு வந்தவங்கடா" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. மீதியை நானே தேடிப் படித்தேன்.

ஐக்கிய அரபு அமீரகம் 1971 டிசம்பர் 2 அன்று உருவானது. அதன் குடியுரிமைச் சட்டம் 1972இல் வந்தது. அந்தச் சட்டம் பிறந்த மண்ணைப் பார்ப்பதில்லை, தகப்பனைத்தான் பார்க்கிறது. 2021இல் முதலீட்டாளர், மருத்துவர், விஞ்ஞானி போன்றவர்களுக்கு ஒரு வழி திறந்தார்கள். அதுவும் பரிந்துரையின் பேரில்தான். நாமாக விண்ணப்பம் போட முடியாது.

அப்படியானால் நம்மை இந்தியர் ஆக்கியது எது? 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளியாகக் குடியுரிமை உண்டு என்றது அது. ஆனால் அந்தச் சட்டமும் தகப்பனை மட்டும்தான் கணக்கில் எடுத்தது. ஒரு தமிழ்ப் பெண் வெளிநாட்டவரை மணந்து 1985இல் குவைத்தில் பிள்ளை பெற்றிருந்தால், அவளுடைய இந்தியக் குடியுரிமை அந்தப் பிள்ளைக்கு வம்சாவளியாகப் போயிருக்காது. 1992 டிசம்பர் 10 முதல் பிறந்தவர்களுக்குத்தான் தாயும் கணக்கில் வந்தாள். இலங்கையில் அந்த மாற்றம் 2003இல்தான் வந்தது.

அடுத்த மாற்றம் 2004 டிசம்பர் 3. அன்று முதல் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஓர் ஆண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் பிள்ளையிடம் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். ஓர் ஆண்டு தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பதிவு நடக்காது.

போன வருடம் என் மகளுக்காக நானும் அந்தப் படிவத்தை நிரப்பினேன். பிறப்புச் சான்று, எங்கள் இருவர் பாஸ்போர்ட், திருமணச் சான்று எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அரை நாளில் வேலை முடிந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மா கையில் பிறப்புச் சான்று மட்டும்தான் இருந்தது. விசா காலாவதியாகி, திருமணச் சான்றும் இல்லாத தாய்க்குப் பிறக்கும் பிள்ளை எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறாமல் வளர்ந்துவிடக்கூடும். 2024இல் அமீரகம் பொது மன்னிப்பு அறிவித்தபோது, இப்படிக் காகிதம் இல்லாத பிள்ளைகளையும் அதில் சேர்த்தார்கள். அத்தகைய பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்றைக்கு வீட்டில் உங்கள் பிறப்புச் சான்றை எடுத்துப் பாருங்கள். அதை யார் எங்கே வரிசையில் நின்று வாங்கினார்கள் என்று அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள். நீங்கள் தவழ்ந்துகொண்டிருந்தபோது உங்களுக்காக யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.