கெரிஸின் பிடியும் உறையும்: சொல்வழி ஒரு கைவினை வரலாறு

மலாய்த் தீவுக்கூட்டத்து மக்களின் குறுவாளாகிய கெரிஸைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதன் அலகைப் பற்றியே எழுதியுள்ளனர். அலகின் நெளிவுகள், பலவகை இரும்பை அடுக்கி அடிப்பதால் தோன்றும் 'பாமோர்' என்னும் கோலம், அதனை வடித்த 'எம்பு' என்னும் கொல்லாசானின் பெருமை ஆகியன விரிவாகப் பேசப்பட்டுள்ளன. கைப்பிடியும் உறையும் துணைப்பொருள்கள் என்ற அளவிலேயே இடம்பெற்றன. ஆயினும் கெரிஸில் ஈடுபாடுடைய ஒருவர் உலைக்களமும் சம்மட்டியும் இன்றித் தம் வீட்டிலேயே செய்யக்கூடியவை பிடியும் உறையுமே ஆகும். பழைய அலகு ஒன்றைப் பெற்று, அதற்கேற்ற மரத்தைத் தேர்ந்து, ஓய்வு நேரங்களில் பிடியும் உறையும் செதுக்குவோர் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அவற்றிற்கு வெளியிலும் உள்ளனர். இக்கைவினையின் வரலாற்றை அதன் கலைச்சொற்களின் வழியாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரும்பும் மரமும்

இரும்பு பல தலைமுறை நிற்கும். வெப்பமும் ஈரமும் மிக்க நிலப்பகுதியில் மரம் அவ்வாறு நிற்பதில்லை. எனவே ஓர் அலகு தன் வாழ்நாளில் பல உறைகளையும் பல பிடிகளையும் பெறுகிறது. ஜாவாவில் வடிக்கப்பட்ட அலகு தீபகற்பத்திற்குச் சென்று மலாய் உறையைப் பெறுவதும் உண்டு. ஜாவானிய மொழியில் கெரிஸின் பிடி, உறை முதலியவற்றைத் தொகுத்து 'சண்டாங்கான்' என்பர். இதன் நேர்ப்பொருள் ஆடை என்பதாகும். ஜாவானிய எழுத்து முறையில் மெய்யெழுத்தோடு சேரும் உயிர்க்குறிகளுக்கும் இதுவே பெயர் என்பது மொழியியலார் கருதத்தக்கது. தமிழ் இலக்கணம் மெய்யை உடலாகக் கண்டு அதில் உயிர் ஏறுவதாகக் கூறுகிறது. ஜாவானிய மரபோ எழுத்து ஆடை அணிவதாகக் காண்கிறது.

ஆடை மாறும் இயல்பினது என்பதால் பழைய பிடிகளுக்கும் உறைகளுக்கும் உரிய பொருட்சான்றுகள் அலகுகளுக்கு உள்ளனவற்றைவிடக் குறைவு. 1413இல் புறப்பட்ட சீனக் கடற்பயணத்தில் பங்குகொண்ட மா ஹுவான், ஜாவாவின் ஆடவர் சிறுவர் முதலாக இடையில் குறுவாள் செருகியிருந்ததையும், அதன் பிடி பொன், காண்டாமிருகக் கொம்பு, தந்தம் ஆகியவற்றால் மனித அல்லது பேய் முகம் அமைய நுட்பமாகச் செய்யப்பட்டிருந்ததையும் குறித்துள்ளார். இத்தகைய குறிப்புகள் சிலவே. அவற்றிற்கு அடுத்த நிலையில் இக்கைவினையின் பழமையை அறிய உதவுவன சொற்களே ஆகும்.

2. மலாய்ப் பெயரீடு

மலாய் மொழியில் கெரிஸின் பிடி 'ஹுலு' எனப்படும். தலை என்பது இச்சொல்லின் பழம்பொருள். தகாலோகு மொழியில் தலையைக் குறிக்கும் 'உலோ' இதற்கு இனமான சொல்லாகும். இன்றைய மலாயில் தலையைக் குறிப்பது 'கெபாலா' என்னும் சொல். இது வடமொழிக் கபாலத்தின் திரிபு. கடன்சொல் வந்து வழக்கைக் கைப்பற்றிய பின்னர்ப் பழஞ்சொல் சில இடங்களில் ஒதுங்கி வாழ்கிறது. ஆற்றின் மேற்பகுதி 'ஹுலு', ஊர்த்தலைவர் 'பெங்ஹுலு', படைத்தலைவர் 'ஹுலுபாலாங்', குறுவாளின் பிடியும் 'ஹுலு'.

பிடிக்குள் செருகப்படும் அலகின் காம்பு 'பூத்திங்' எனப்படும். முலைக்காம்பையும் குறிக்கும் சொல் இது. தமிழில் 'காம்பு' என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தருதல் ஒப்புநோக்கத்தக்கது. அலகும் பிடியும் சந்திக்கும் இடத்தில் அமையும் உலோகக் கிண்ணம் 'பெண்டொங்கொக்' ஆகும்.

உறையின் பெயர் 'சாருங்'. தலையணை உறை, கையுறை ஆகியவற்றிற்கும் மலாயில் இச்சொல்லே அடிச்சொல்லாக வருகிறது. தமிழின் 'உறை' என்னும் சொல்லும் வாளுறை, தலையணையுறை, கையுறை என அதே பரப்பில் வழங்குகிறது. ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன்பெறாமலேயே இரு மொழிகள் ஒரே வகையாகப் பொருளை விரித்தமைக்கு இது சான்றாகும். இடையில் உடுக்கும் மூட்டிய ஆடையின் பெயரும் 'சாருங்' என்பதே. இலங்கைத் தமிழில் வழங்கும் 'சாரம்' என்னும் ஆடைப்பெயர் இதனோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது.

உறையின் மேற்பகுதியில் குறுக்காக அமையும் அகன்ற மரத்துண்டு 'சம்பிர்'. கீழிறங்கும் நீண்ட பகுதி 'பாத்தாங்', அதாவது அடிமரத் தண்டு. அதன் கடைக்குமிழ் 'புந்துட்', அதாவது வால். தலை, தண்டு, வால் என்னும் இப்பெயர்கள் கருவியைப் பகுதிகளின் தொகுதியாகக் காணாமல் ஓருடலாகக் காணும் மனப்பாங்கைக் காட்டுகின்றன.

3. ஜாவானியப் பெயரீடு

ஜாவாவில் உறை 'வாரங்கா' எனப்படும். அதனைச் செய்பவர் 'ம்ராங்கி'. அலகு வடிக்கும் எம்புவும் உறை செய்யும் ம்ராங்கியும் வேறு வேறு தொழிலர். எம்புகள் சிலரின் பெயர்கள் மரபில் நிலைத்துள்ளன. ம்ராங்கிகளின் பெயர்கள் அவ்வாறு நிலைக்கவில்லை. உறையின் தண்டு 'கண்டார்' எனவும், அதன்மேல் அணிவிக்கும் உலோகக் கூடு 'பெண்டொக்' எனவும் வழங்கும்.

மேற்பகுதியின் வடிவம் அணியும் சூழலைக் காட்டும். படகுபோல் இருமருங்கும் நீண்டு வளையும் வடிவம் சடங்குகளுக்கு உரியது. இது சுரகார்த்தாவில் 'லட்ராங்' எனவும் யோக்யகார்த்தாவில் 'ப்ராங்கா' எனவும் பெயர்பெறும். அன்றாட அணிதலுக்குரிய உருண்ட வடிவம் 'கயாமான்'. 'கயாம்' என்னும் மரத்தின் காயை ஒத்திருத்தலால் இப்பெயர் அமைந்தது.

கைப்பிடிக்கு ஜாவானியத்தில் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'உக்கிரான்'. செதுக்குதல் என்னும் பொருளுடைய 'உக்கிர்' என்பதன் அடியாகப் பிறந்தது இது. ஒரே பொருளை மூன்று மொழிகள் மூன்று நிலையிலிருந்து நோக்குவதை இங்குக் காணலாம். தமிழ் அதனைப் பற்றும் கையின் செயலால் 'பிடி' என்றது. மலாய் முழுமையில் அது பெறும் இடத்தால் 'தலை' என்றது. ஜாவானியம் செய்தவனின் தொழிலால் 'செதுக்கு' என்றது. ஜாவானிய இலக்கிய வழக்கில் கெரிஸைக் குறிக்கும் 'சுரிகா' என்பதும் தமிழின் 'சுரிகை'யும் வடமொழி மூலம் ஒன்றிலிருந்து வந்தவை என்பது இங்கு உடன்கூறத்தக்கது.

4. உருவம் மறைந்த பின் தோன்றிய பெயர்கள்

தீபகற்பத்திலும் சுமத்திராவிலும் வழங்கும் பிடி வடிவங்களுள் ஒன்று 'ஜாவா டெமாம்'. காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன் என்பது இதன் பொருள். கைகளை உடலோடு அணைத்துக் குனிந்திருக்கும் உருவத்தின் சாயல் அப்பிடியில் உள்ளது. பத்தானி, கிளந்தான் பகுதிகளில் வழங்கும் நீண்ட மூக்குடைய பிடி மீன்கொத்திப் பறவையின் பெயரால் 'பெகாகா' எனப்படும். இவ்விரு வடிவங்களும் இசுலாத்துக்கு முந்திய தெய்வ அல்லது அரக்க உருவங்களிலிருந்து படிப்படியாக எளிமைப்பட்டவை என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அக்கருத்து ஏற்புடையதாயின், உருவத்தின் பழம்பொருள் மறைந்த பின்னர் மக்கள் தம் கண்ணுக்குப் பட்ட ஒப்புமையால் புதுப்பெயர் இட்டனர் என்று கொள்ள வேண்டும். விளங்காத சொல்லைத் தெரிந்த சொல்லோடு இணைத்துப் பொருள்கொள்ளும் மக்கள் சொற்பிறப்பியலுக்கு இணையான நிகழ்ச்சி இது.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் சிக்கல் பிறக்கிறது. பெயரை மட்டும் அறிந்து மீன்கொத்தியையே செதுக்க முற்படுபவர் மரபின் வடிவத்தைத் தவறவிடுவார். வடிவத்தை மட்டும் படத்தில் கண்டு பெயரை அறியாதவர் அது எவ்விடத்து அலகுக்கு உரியது என்பதை அறியார்.

5. ஓய்வுநேரக் கைவினையின் பங்கு

கெரிஸைப் பொழுதுபோக்காகப் பயிலும் வழக்கம் புதியதன்று. மலாயாவில் இரப்பர்த் தோட்டத்திலும் பின்னர் அரசுப் பணியிலும் இருந்த ஜெரால்ட் கார்ட்னர், தம் ஈடுபாட்டின் விளைவாக மலாய்ப் படைக்கலன்கள் பற்றிய நூலொன்றை 1936இல் சிங்கப்பூரில் வெளியிட்டார். தொழில்முறை ஆய்வாளர் அல்லாத ஒருவரின் அந்நூல் பின்வந்தோர்க்குப் பயன்பட்டது.

செய்முறையில் இறங்குவோர் முதலில் உணர்வது, ஓர் உறை ஓர் அலகுக்கே பொருந்தும் என்பதாகும். அலகின் அடிப்பகுதி ஒருபுறம் மிகுதியாக அகன்றிருக்கும். நெளிவுகளின் எண்ணிக்கையும் ஆழமும் அலகுக்கு அலகு வேறுபடும். ஆகவே சம்பிரின் வாயை அவ்வலகை வைத்தே வெட்ட வேண்டும். மணமுள்ள சந்தனமும், மஞ்சள் நிறமும் வரியழகும் வாய்ந்த 'கெமுனிங்' மரமும் விரும்பப்படுவன. மலாய் மரபில் காம்பைப் பிடியில் நிறுத்த அரக்குப் பயன்பட்டது. ஜாவாவில் காம்பில் துணி முதலியவற்றைச் சுற்றி இறுகச் செருகினர். பிடியைக் கழற்றி அலகைத் தூய்மை செய்யும் சடங்கிற்கு இரண்டாவது முறை ஏற்றது. ஆகவே ஒட்டும் முறையும் மரபின் ஒரு பகுதியே. மாற்றிச் செய்தால் பொருளின் பயன்பாடே மாறிவிடும்.

இந்தோனேசியக் கெரிஸை 2005இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. 2008இல் அதன் பட்டியலில் சேர்த்தது. இவ்வறிவிப்பால் எம்புவின் கலை உலகறிந்தது. பிடியும் உறையும் செய்வோரின் கலையோ கைகளில் மட்டுமன்றிச் சொற்களிலும் தங்கியுள்ளது. மலாய் உறையை 'வாரங்கா' என்றும், எல்லாப் பிடியையும் ஒரே பெயராலும் சுட்டும் பொதுவழக்கு பரவுமாயின், வட்டார வேறுபாடுகள் முதலில் பேச்சிலும் பின்னர் மரத்திலும் மறையும்.

முடிவாக, தலை, தண்டு, வால், ஆடை என்னும் பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. எப்பகுதி எதனோடு எவ்வாறு பொருந்த வேண்டும் என்பதைக் கைக்குச் சொல்லும் குறிப்புகள் அவை. பழைய அலகுக்குப் புதிய உறை செய்பவர் அவ்வட்டாரத்துச் சொல்லையும் கேட்டறிந்து செய்வாராயின், அவர் கையில் மரபு தொடரும். மரம் அழியினும் அடுத்த உறையைச் செய்வதற்குரிய வழி சொல்லில் எஞ்சியிருக்கும். இக்கலைச்சொற்களை வட்டாரம்தோறும் தொகுத்து அகராதியாக்குதல் மொழியியலார் செய்யத்தக்க பணியாகும்.