பழைய மதுவும் புதிய மதுவும்

பழைய அரிசி சோற்றுக்கு நல்லது. பழம்புளி குழம்புக்கு நல்லது. பழைய எண்ணெயோ சிக்குவாடை வீசும். பழைய மாவில் வண்டு விழும். ஆண்டுபல கழிந்தால் ஒரு பொருள் உயர்வடையுமா, தாழ்வடையுமா என்பதை அப்பொருளின் இயல்பே முடிவு செய்கிறது. ஆண்டுக் கணக்கு முடிவு செய்வதில்லை. சமையற்கட்டில் எல்லோரும் அறிந்த இவ்வுண்மையைத் திராட்சை மதுவின் வகையில் மேலைநாட்டார் 2000 ஆண்டுகளாக அறிந்தும் மறந்தும், மறந்தும் அறிந்தும் வந்திருக்கின்றனர். அக்கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மாணவ நண்பர்களே, நான் மதுவை நாவில் வைத்தறியாதவன். உங்களை அதன்பால் அழைக்கவும் வரவில்லை. வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். ஒரு சமுதாயம் எதைச் சிறந்தது என்று கருதியது, அக்கருத்தை எவ்வாறு சோதித்துப் பார்த்தது என்று காண்பதும் வரலாற்றின் பணியே. உரோமரையும் பிரெஞ்சுக்காரரையும் அவ்வகையில் அறிய விரும்புவோர் அவர்தம் மதுச் சாடிகளை விலக்கிவிட்டுச் செல்ல இயலாது.

முதலில் பொருளின் இயல்பைக் காண்போம். திராட்சையைப் பிழிந்து வைத்தால், அதன் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாராயமாக மாற்றுகிறது. செந்நிற மதுவில் தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்தே ஊறுவதால், டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதியாக இறங்குகிறது. துவர்ப்பு இன்னதென்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அறுசுவையுள் ஒன்றாக அதை நம் முன்னோர் எண்ணிவைத்தனர். வாழைப்பூவும் நாவற்பழமும் கடுக்காயும் அதை நாவுக்கு அறிவிக்கும். புதிய செம்மது வாயை இறுகப் பிடிப்பது இதனாலேதான். ஆண்டுகள் செல்லச் செல்ல டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பெரியவையாகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. துவர்ப்பு மென்மையடைகிறது. ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறமாகிறது. பழமணம் தணிந்து, உலர்ந்த கனியையும் பதனிட்ட தோலையும் காளானையும் நினைவூட்டும் வேறு மணங்கள் எழுகின்றன. ஆனால் இவ்வாறு முதிர்வதற்குத் துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் தொடக்கத்திலேயே போதிய அளவு இருத்தல் வேண்டும். அவ்வலிமை இல்லாத மது முதிர்வதில்லை, வெறுமனே கெடுகிறது. உலகில் செய்யப்படும் மதுவில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அருந்திவிடத் தக்கதேயாகும்.

இனி உரோமாபுரிக்குச் செல்வோம். கி.மு. 121இல் லூசியஸ் ஒப்பிமியஸ் என்பவர் அந்நகரின் கான்சல் பதவியில் இருந்தார். சீர்திருத்தத் தலைவரான கயஸ் கிராக்கஸ் மாண்ட ஆண்டு அது. பாடநூல்கள் அதற்காகவே அவ்வாண்டைக் குறிக்கும். திராட்சை பயிரிட்டோருக்கோ அது வெயில் நன்றாகக் காய்ந்து, பழம் முழுச்சுவை பெற்ற ஆண்டு. உரோமர் மதுவை இருகைப் பிடியுள்ள மண்சாடிகளில் அடைத்தனர். சாடியின் உட்புறத்தில் கீல் பூசுவர். வாயைத் தக்கையாலும் காரையாலும் மூடுவர். கழுத்தில் அவ்வாண்டின் கான்சல் பெயரை எழுதிவைப்பர். ஆண்டுகளை எண்ணால் குறியாமல் கான்சல் பெயரால் குறித்த மக்கள் அவர்கள். ஆதலின் "ஒப்பிமியஸ்" என்ற பெயரே அம்மதுவுக்கு முத்திரையாயிற்று. அம்மனிதரின் அரசியலை மறந்துவிட்ட செல்வர்களும் அவர் பெயரெழுதிய சாடியை மறக்கவில்லை.

மதுக்களுள் தலைசிறந்தது பலேர்னியம். இலத்தீன நாட்டுக்கும் கம்பானியாவுக்கும் இடையே நிற்கும் மாசிக்கஸ் மலைச்சரிவில் விளைந்தது அது. புதிதாக இருக்கும்போது கடுமையானது. பத்தாண்டு கழிந்த பின்பே அருந்தத் தக்கது. பதினைந்து முதல் இருபது ஆண்டு வரை அதன் நற்பருவம். அதற்கப்பால் தலைவலி தரும் என்று பண்டையோர் கணக்கிட்டிருந்தனர். அனுபவத்தில் எழுந்த கணக்கு அது. செல்வத்தில் எழுந்த கணக்கு வேறு: சாடி எவ்வளவு பழையதோ, வீட்டுக்காரர் அவ்வளவு பெரியவர்!

இவ்விரண்டு கணக்குகளும் ஒன்றல்ல என்று முதலில் தெளிவாகச் சொன்னவர்களுள் சிசரோ ஒருவர். கி.மு. 46இல் சொற்கலையின் வரலாற்றைப் பற்றி அவர் 'புரூட்டஸ்' என்னும் நூல் எழுதினார். பழமையான நடையைக் கண்மூடிப் பின்பற்றும் இளம் பேச்சாளர்களுக்கு அறிவு புகட்ட மதுவையே அவர் உவமையாகக் கொண்டார். பலேர்னியத்தை விரும்புவோன் சென்ற ஆண்டுச் சாடியையும் கேட்கமாட்டான். ஒப்பிமியஸ் காலத்துச் சாடியையும், அதற்கும் முந்திய அனிசியஸ் காலத்துச் சாடியையும் தேடமாட்டான். பெயரளவில் அவை உயர்ந்தவையே. ஆனால் அளவுக்கு மீறிய முதுமையால் அவற்றின் இனிமை போய்விட்டது, இப்போது தாங்கவும் முடியாது என்பது அவர் வாதம். அனிசியஸ் கான்சலாக இருந்தது கி.மு. 160இல். சிசரோ எழுதுகையில் அச்சாடிக்கு வயது 114. ஒப்பிமியஸ் சாடிக்கு 75. நூலின் பொருள் சொற்கலையாயினும், மதுவைப் பற்றிய நேர்மையான சான்று தற்செயலாக அதில் கிடைக்கிறது. வரலாற்று மாணவன் இத்தகைய தற்செயற் சான்றுகளையே மிகுதியாக நம்பலாம் என்பது என் கருத்து. பறைசாற்ற வந்தவன் சொல்வதைவிட, வேறொன்றைச் சொல்ல வந்தவன் இடையே சொல்வது பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

நீரோ மன்னன் அவையைச் சார்ந்தவர் என்று கருதப்படும் பெட்ரோனியஸ் இதையே நகைச்சுவையாக்கினார். அவர் படைத்த திரிமால்கியோ புதுப்பணக்காரன். அவனது விருந்தில் கண்ணாடிச் சாடிகள் வருகின்றன. கழுத்திலுள்ள சீட்டில், ஒப்பிமியஸ் காலத்துப் பலேர்னியம், வயது நூறு என்று எழுதியிருக்கிறது. நண்பர்களே, இதில் ஒளிந்திருக்கும் வேடிக்கையைக் கண்டீர்களா? சாடியை அடைத்தபோது எழுதும் சீட்டில் அதன் வயது நூறு என்று எவ்வாறு எழுத முடியும்? நீரோ காலத்தில் அம்மதுவுக்கு வயது 170க்குக் குறையாது என்பது மற்றொன்று. ஒரு சாசனம் மெய்யா பொய்யா என்று ஆராயும் முறைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. வகுப்பில் இக்கணக்கைக் கேட்டபோதெல்லாம் கடைசி வரிசையிலிருந்துதான் விடை வந்தது.

மூன்றாம் சான்று பிளினியினுடையது. கி.பி. 77இல் முடிந்த தம் இயற்கை வரலாற்று நூலில், ஒப்பிமியஸ் மது ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின்னரும் எஞ்சியிருந்ததை அவர் குறிக்கிறார். ஆனால் எந்த நிலையில்? கரடுமுரடான தேனைப் போல இறுகிக் கசந்து, தனியே அருந்த இயலாததாய், வேறு மதுவில் சிறிதளவு கலந்து சுவையேற்ற மட்டும் பயன்பட்டதாம். விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. அருந்தவே முடியாத பொருளுக்கு மக்கள் பொன்னை வாரிக் கொடுத்தனர்! பொறுமையற்றோர் வேறொரு வழியும் கண்டனர். அடுப்புக்கும் வெந்நீர்க் குளியலறைக்கும் மேலுள்ள பரணில் சாடிகளை ஏற்றி, வெப்பத்தாலும் புகையாலும் விரைவாக முதுமையூட்டினர். மார்சேல் நகரத்துப் புகைநாறும் மதுவைக் கவிஞர் மார்ஷல் எள்ளி நகையாடியிருக்கிறார்.

சீட்டைப் படித்ததோடு நில்லாமல் சாடியைத் திறந்தவர் மருத்துவர் கேலன். இரண்டாம் நூற்றாண்டில் மார்க்கஸ் அரேலியஸ் பேரரசருக்கு நஞ்சுமுறி மருந்து கூட்டும் பொறுப்பு அவருடையது. அம்மருந்துக்கு மிகச் சிறந்த பலேர்னியம் வேண்டும். அவர் அரண்மனைக் கிடங்குக்குச் சென்றார். சாடிகளின் கழுத்தெழுத்தைப் படித்தார். இருபது ஆண்டு கடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சுவைத்து வந்தார். கசப்பின் சாயலும் இல்லாதது கிடைக்கும்வரை விடவில்லை. முதுமை வேண்டும், ஆனால் இனிமை போயிருக்கக் கூடாது என்பது அவர் அளவுகோல். எழுத்து அவருக்குத் தொடக்கம், நாவே தீர்ப்பு. பேரரசரின் கிடங்கு என்பதற்காக எந்தச் சாடிக்கும் அவர் சலுகை காட்டவில்லை.

இவ்வுரோம வாணிகத்தின் ஒரு கிளை நம் கரையையும் தொட்டது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் பாடுகிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, இருகைப் பிடிச் சாடிகளின் ஓடுகள் பல கிடைத்தன. அவற்றுள் கிரேக்கத் தீவான காஸின் சாடி வகையும் உண்டு. அத்தீவின் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம்; அதைப்போலவே இத்தாலியில் செய்துகொள்ளும் முறையைக் கேட்டோ என்பவர் தம் வேளாண்மை நூலில் எழுதிவைத்திருக்கிறார். உப்பு கலந்த மது நெடும்பயணத்தைத் தாங்கும். இங்கு வந்திறங்கியதில் ஒரு பகுதியேனும் சுவை முதிர்ந்ததற்காக அன்று, கெடாமல் வந்ததற்காகவே மதிக்கப்பட்டிருக்கும் என்று கருத இடமுண்டு.

உரோமர்க்குப் பின் மண்சாடி மறைந்து மரப்பீப்பாய் வந்தது. பீப்பாய் உருட்டிச் செல்ல எளிது, உடையாது. ஆனால் அதில் காற்று புகும். மது ஓராண்டுக்குள் புளிக்கத் தொடங்கும். எனவே இடைக்கால ஐரோப்பாவில் கணக்கு தலைகீழாயிற்று: இலையுதிர் காலத்தில் புதுமது கப்பலில் வந்திறங்கியதும் பழைய மதுவின் விலை சரிந்தது. முதுமையைப் போற்றிய உரோமரின் மரபினர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இளமையைத் தேடி ஓடினர். சுவை மாறியதால் அன்று, பாத்திரம் மாறியதால்.

மீண்டும் மாற்றியதும் பாத்திரமே. 1615இல் இங்கிலாந்தின் மன்னர் முதலாம் ஜேம்ஸ், கப்பல் கட்ட மரம் வேண்டும் என்று கருதி, கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதைத் தடை செய்தார். உலைக்காரர் நிலக்கரியை நாடினர். வெப்பம் மிகுந்தது, கண்ணாடி கனத்தது, உறுதி பெற்றது. அத்தகைய புட்டியும் போர்ச்சுகல் நாட்டுத் தக்கையும் சேர்ந்தபின் காற்றுப் புகாமல் மதுவை அடைத்துவைக்க முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வெங்காயம் போன்று உருண்டிருந்த புட்டி நீண்டு நேரானது. படுக்கவைத்தால் தக்கை ஈரமாகவே இருக்கும். இப்போது பழைய மதுவுக்குப் புதுவாழ்வு. கூடவே பழைய மயக்கமும் திரும்பி வந்தது. 1855இல் பாரிசுப் பொருட்காட்சிக்காகப் போர்தோ மாவட்டத்து மதுவகைகள் வரிசைப்படுத்தப்பட்டன. அவ்வரிசை பெரிதும் சந்தை விலையை ஒட்டியது. சிறிதளவே மாற்றத்துடன் இன்றும் நிற்கிறது. சீட்டு மறுபடியும் நாவை வென்றது.

இதற்கு ஒரு சோதனை வந்தது 1976 மே 24ஆம் நாள். பாரிசில் மதுக்கடை நடத்திய ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர், பிரெஞ்சு மதுவையும் கலிபோர்னிய மதுவையும் பெயர் மறைத்து வைத்து, பிரெஞ்சு வல்லுநர் ஒன்பதின்மரைச் சுவைக்கச் செய்தார். பொதுத்தேர்வு விடைத்தாளில் தேர்வெண்ணை மறைத்துப் போலி எண் இட்டுத் திருத்தக் கொடுக்கிறோமே, அதே ஏற்பாடு. வெண்மதுவில் கலிபோர்னியாவின் ஷாட்டோ மாண்டலீனா 1973 முதலிடம் பெற்றது. செம்மதுவில் அதே நாட்டு ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம். போர்தோவின் மூட்டோன் ரோட்ஷில்ட் 1970 இரண்டாம் இடம். நடுவர் ஒருவர் தம் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டதாகச் சொல்வர். அழைப்புப் பெற்ற செய்தியாளருள் வந்தவர் 'டைம்' இதழின் ஜார்ஜ் டேபர் ஒருவரே. அவரும் வராதிருந்தால் இந்நிகழ்ச்சி அவ்வறையோடு முடிந்திருக்கும்.

பிரெஞ்சுத் தரப்பார் கூறிய மறுப்பைப் புறக்கணிக்கலாகாது. அதில் பொருள் உண்டு. போர்தோ மது துவர்ப்பு மிக்கது, மெல்ல முதிர்வது; ஆறு வயதில் அதைச் சுவைத்துத் தீர்ப்பளிப்பது முறையன்று; கலிபோர்னிய மது இளமையில் இனிக்கும், ஆனால் நிலைக்காது என்றனர். சாடி நிலையைப் பற்றிய உரோமக் கேள்விதான் இது. விடை காணக் காலம் மட்டுமே வேண்டும்.

தேர்வாளரின் நாவையும் முழுதும் நம்பலாகாது என்பதை இவ்விடத்தே சொல்ல வேண்டும். கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியில் நடுவர்களுக்கு ஒரே புட்டியின் மதுவை மூன்று கிண்ணங்களில் பிறவற்றோடு கலந்து வைத்து ராபர்ட் ஹாட்ஜ்சன் சோதித்தார். 2008இல் முடிவை வெளியிட்டார். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒத்த மதிப்பெண் இட்டவர் பத்தில் ஒருவரே. விடைத்தாள் திருத்தியவர் எவரும் இதைக் கேட்டு வியக்கமாட்டார். ஆதலின் 1976இன் முடிவிலும், நெருங்கி நின்ற இடங்களின் வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்ளலாகாது.

2006 மே 24ஆம் நாள், சரியாக முப்பது ஆண்டு கழித்து, அதே செம்மது வகைகளின் அதே ஆண்டுப் புட்டிகளை லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் ஒரே நாளில் திறந்தனர். இரு குழுவினரின் மதிப்பெண்களையும் கூட்டியபோது முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே சென்றன. மூட்டோன் ஆறாவது. முதலிடம் பெற்றது 1976இல் வென்ற ஸ்டாக்ஸ் லீப் அன்று, அது இரண்டாவதாயிற்று. அன்று ஐந்தாம் இடத்தில் நின்ற ரிட்ஜ் மான்டி பெல்லோ 1971 தன் முப்பத்தைந்தாம் வயதில் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது.